வெளிச்சம் அடித்தால் அது அடியா?

அவளை அண்ணி என்றே சொல்லிவிடலாம். அப்படிக் கூப்பிடும் உரிமை உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு, அவள் கணவரின் தம்பிக்கு. ஆனால் அவன் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டதில், பக்கத்து வீட்டாருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் கண் பரிசோதனை செய்துவந்தாள். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகச் செருகி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கும் வேலை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று நூலிழையாவது மேலே இருக்கும், நன்றாகப் பார்த்தால் தெரியும் என்பது அவள் கட்சி.

அந்தக் குணம்தான் அவளை இன்னொரு வேலையிலும் கொண்டுபோய்த் தள்ளியது. 'சாம்பல் கோட்டை' என்று வாரம் ஓர் அத்தியாயமாக வரும் சித்திரக்கதை ஒன்று இருந்தது. அதில் நூற்றுச் சொச்சம் பாத்திரங்கள். யார் யாரை அடித்தால் யார் விழுவார்கள் என்று பட்டியல் போடுவதற்கென்றே ஓர் இணையப் பக்கம், அதில் நாலாயிரம் பேர். கதவை உடைக்கிறவர் கதவு மட்டம், தெருவையே பெயர்க்கிறவர் தெரு மட்டம், மலையைப் பிளக்கிறவர் மலை மட்டம். சண்டை முற்றினால் தீர்ப்புச் சொல்வது 'தராசு' என்ற பெயரில் எழுதும் அட்மின். தராசு என்பவர் நரைத்த மீசையும் சட்டப் படிப்பும் உள்ள ஆள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். செருப்பு வாரை மாட்டிக்கொண்டு, பேருந்துக்காக நின்றபடியே தீர்ப்பு எழுதும் அண்ணி அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயம் வந்த வாரத்தில் பக்கம் இரண்டுபட்டது. கதையில் வெண்சுடர் என்று ஒரு பெண். அவளுக்கு ஒரு கதவைக்கூட உடைக்கத் தெரியாது. உள்ளங்கையை விரித்தால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும், அவ்வளவுதான். அவளுக்கு எதிரே மலையன். பெயருக்கேற்ற ஆள்; மலையைப் பிளந்து வழி அமைத்துக்கொண்டு நடப்பவன். பாறை விளிம்பில் அவன் நிற்கிறான், அவள் கையை விரிக்கிறாள், அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓர் அடி வைக்கிறான், ஆற்றில் விழுந்து அடித்துச் செல்லப்படுகிறான். கேள்வி இதுதான். அவள் அவனைத் தாக்கினாளா?

இல்லை என்று தீர்ப்பு எழுதினாள் அண்ணி. கண் கூசியது, கால் தவறியது. கால் தவறியது மலையனின் கவனக்குறைவு. அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. வெளிச்சத்தைத் தாக்குதல் என்று ஒப்புக்கொண்டால் மலையனை வீழ்த்திய வெண்சுடர் மலை மட்டத்துக்கு ஏற வேண்டும். அதோடு நிற்காது. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பேக்கரிக்காரர் வெண்சுடரின் தலையில் மாவு மூட்டையைக் கவிழ்த்து அவளைக் கடையைவிட்டுத் துரத்தியிருக்கிறார். மலை மட்டத்தைத் துரத்தியவரும் மலை மட்டம்தானே? ஒரு மாவு மூட்டையால் பன்னிரண்டு வருடப் பட்டியல் சரிவதை அவள் அனுமதிப்பதாக இல்லை.

இந்த விவகாரம் முழுவதிலும் அண்ணியின் கணவருக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான். அவர் பேக்கரியில் வேலை செய்பவர். விடிவதற்கு முன்னால் போய்விட்டு மதியம் புருவத்தில் மாவோடு திரும்புவார். பேக்கரிக்காரர் மலை மட்டம் என்று கேள்விப்பட்டதும் எழுந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மற்றபடி அவர் கருத்து சுருக்கமானது. "கதை எழுதறவன் யார ஜெயிக்க வைக்கணும்னு நினைக்கிறானோ அவன் ஜெயிப்பான். இதுக்கு எதுக்கு நாலாயிரம் பேர்?"

தீர்ப்பை எதிர்த்தவர்களில் 'பழைய இரும்பு' என்ற பெயர்க்காரன் ஒருவன் மட்டும் அடங்கவே இல்லை. வெயில் அடிக்கிறது என்கிறோம், டார்ச் அடிக்கிறோம் என்கிறோம், வெளிச்சம் அடிக்கும் என்று மொழியே ஒத்துக்கொண்ட பிறகு தராசு யார் மறுப்பதற்கு என்று கேட்டான். அண்ணி சளைக்கவில்லை. வாடையும்தான் அடிக்கிறது, மணியும்தான் அடிக்கிறது, தாங்கள் கூடத்தான் இங்கே அரட்டை அடிக்கிறீர்கள், எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றவா என்று பதில் போட்டாள். அதற்கு ஐந்நூறு பேர் சிரித்தார்கள். பழைய இரும்பு சிரிக்கவில்லை. ஒரே நாளில் நாற்பத்தேழு கமெண்ட் எழுதி, கடைசியில் தராசின் முள் வளைந்திருக்கிறது என்றான். அண்ணி அவனை ஒரு வாரம் முடக்கிவைத்தாள்.

அன்று சாப்பிடும்போது அவள் பொருமியதைக் கொழுந்தன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். முப்பது வயது, கதவு அகலத் தோள், பேச்சு குறைவு. சாம்பல் கோட்டையை அவனும் வாங்குவான்தான், ஆனால் படம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவான் என்பது அண்ணியின் எண்ணம். அந்த ஆளையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மெல்லச் சொன்னான். ஒரு வாரம் கொஞ்சம் அதிகமோ என்றும் கேட்டான். அதிகமில்லை என்றாள் அண்ணி.

அந்த வாரக் கடைசியில் கடையில் எழுத்துப் பலகையைத் தாங்கும் இரும்புத் தாங்கியின் ஒரு கால் ஒடிந்தது. அண்ணி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு காலையில் கொழுந்தனின் பட்டறைக்குப் போனாள். ஐந்து நிமிட வேலை. அவன் ஒரு கறுப்பு முகமூடியை எடுத்து அவளிடம் நீட்டினான். போட்டுப் பார்த்தாள், இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. பொறி கிளம்பினால்தான் அதன் வழியே தெரியும் என்று அவன் விளக்கினான். அவள் அதை மேசையில் வைத்துவிட்டாள். கால் நேராக ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. கோணலான தாங்கியில் எழுத்துப் பலகையும் கோணலாகத்தான் நிற்கும். கிட்டப் பார்வைக்காரி என்பதால் பக்கத்தில் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொள்வது வழக்கம். அன்றும் ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் வெல்டிங் ராடை இரும்பில் வைத்தான். வெள்ளையாக ஒன்று வெட்டியது. அவள் கண்ணை மூடினாள், ஆனால் அதற்குப் பிறகு. இரண்டாவது தடவையும் அவன் சொன்னான், இரண்டாவது தடவையும் அவள் பிந்தினாள். மூன்றாவது தடவை முன்கூட்டியே மூடி, முடிந்துவிட்டதாக நினைத்துச் சீக்கிரம் திறந்துவிட்டாள். கால் நேராக ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் பச்சையாய் ஒரு பொட்டு மிதந்ததைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாங்கியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மதியம் மூன்றரை மணிக்கு ஓர் ஆசிரியை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் லென்ஸைச் செருகும்போது அண்ணியின் கண்ணில் மண் விழுந்தது போலிருந்தது. கசக்கினாள். இரண்டாவது லென்ஸுக்குள் ஒரு வண்டி மண். தண்ணீர் தாரையாக வழிந்தது, இமை தானாக இறுகியது, அறை விளக்கே ஊசியாகக் குத்தியது. இது தெளிவா அது தெளிவா என்று கேட்க வேண்டியவளுக்கு எழுத்துப் பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆசிரியை எழுந்து, சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே அவளைக் கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, இங்கே பார்க்க வேண்டியது என் கண்ணை அல்ல என்றார்.

கண் டாக்டர் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தார். அண்ணி வருடக்கணக்காக ஆள் அனுப்பும் இடம்தான். அவர் இமையை விலக்கி, மருந்து விட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார், வெல்டிங் பார்த்தீர்களா என்று. ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வலி காட்டும், விழியின் மேல் தோல் வெயிலில் வெந்த முதுகு மாதிரி வெந்திருக்கிறது, ஒன்றிரண்டு நாளில் புதுத் தோல் வந்துவிடும், பயமில்லை என்றார். பயமில்லை என்று சொன்ன பிறகு நன்றாகத் திட்டினார். கண் கடையில் வேலை செய்துகொண்டு கண்ணாடியைத் தலைக்கு மாட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மருந்து விட்டு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு, நாளை மறுநாள் காலையில்தான் அவிழ்க்க வேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

கணவர் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். படிக்கட்டுக்குப் படிக்கட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே ஏற்றினார். கொழுந்தன் சேதி கேட்டுப் பட்டறையைப் பாதியில் மூடிவிட்டு ஓடிவந்தான். வந்தவன் கதவருகிலேயே நின்றுவிட்டான். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கிறது என்றாள். அவன் கையைப் பிசையும் சத்தம்கூடக் கேட்டது என்று அண்ணி பின்னால் கணவரிடம் சொன்னாள். தம்பி மூன்று நாள் பேசாமலிருந்தாலும் கண்டுகொள்ளாத கணவரே, அன்று அவனுக்குத் தட்டை நீட்டிச் சாப்பிடச் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் கணவர் பேக்கரிக்குப் போனார். கொழுந்தன் பட்டறையைத் திறக்கவில்லை. வலி மாத்திரை எடுத்துத் தந்தான், தண்ணீர் கொடுத்தான், பாதி கருகின ரொட்டியை மேலே சுரண்டிவிட்டுக் கொடுத்தான். வலி குறைந்திருந்தது. வலி குறைந்ததும் அண்ணிக்குப் பொழுது போகவில்லை. பத்து மணிக்கெல்லாம் தன் கைபேசியை அவனிடம் நீட்டி, இணையப் பக்கத்தில் என்ன கலவரம் நடக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். அவன் தயங்கினான். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றான். காது சும்மாதானே இருக்கிறது என்றாள்.

அவன் வாசித்தான். பொதுவாக அவன் எதை வாசித்தாலும் மின் கட்டண நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். மற்றவர்கள் எழுதியதை அப்படித்தான் வாசித்தான். ஆனால் முடக்கத்துக்கு முன்னால் பழைய இரும்பு எழுதிய பழைய கமெண்டுகள் வந்தபோது குரல் ஏறி இறங்கியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. ஓர் இடத்தில், எழுத்துப் பிழையாக இருந்த சொல்லை அவன் திருத்தியே வாசித்தான் என்பதை அண்ணி கவனித்தாள். அந்தப் பிழை அவளுக்கு மனப்பாடம். அதைக் கிண்டல் செய்து பதில் போட்டவளே அவள்தான். கட்டுக்குள் புருவம் லேசாக உயர்ந்தது. அடுத்ததை வாசிக்கச் சொன்னாள்.

ஒரு வார முடக்கம் அன்று காலையோடு முடிந்திருந்தது. அந்த ஆள் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்புறம் அறைக்குள் டொக் டொக்கென்று மெல்லிய சத்தம். தடித்த விரலால் கைபேசித் திரையைக் குத்துகிற சத்தம். நின்றது, மறுபடி கேட்டது, நின்றது. ஒரு நீண்ட மூச்சு.

"இப்போ வந்திருக்கு அண்ணி," என்றான். "பழைய இரும்பு எழுதியிருக்கான். 'தராசு அவர்களே, தங்கள் தீர்ப்பே சரி. வெளிச்சம் தாக்குதல் ஆகாது. என் வாதத்தை வாபஸ் பெறுகிறேன். இனி இதுபற்றி எழுத மாட்டேன்.' அவ்வளவுதான்."

அண்ணி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த போன்ல டைப் பண்ணின?"

நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"என் போன்ல பண்ணியிருந்தா தராசு பேர்ல வந்திருக்கும். உன் போன எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் அண்ணி."

எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று வருடம் என்றான். வீட்டில் சொல்லாததற்குக் காரணம் கேட்டாள். வீட்டில் எதிர்த்துப் பேச வாய் வராது, அங்கே பெயர் வேறாக இருப்பதால் வருகிறது என்றான். மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பழைய இரும்பைத் திட்டும்போதெல்லாம் பரிமாறிக்கொண்டே தலையாட்டியவனை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் எரிந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் எழுந்துவிட்டான்.

அவனை உட்காரச் சொன்னாள். எதிராளி என்பதில் அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில்.

"நாப்பத்தேழு கமெண்ட் போட்டப்போ உன்கிட்ட ஒரு ஆதாரம் இல்ல. இப்போ ஆதாரமே கட்டுப் போட்டுக்கிட்டு உன் எதிர்ல உக்காந்திருக்கு. ஜெயிக்கிற நேரத்துல எதுக்கு வாபஸ் வாங்கற?"

அவன் கைபேசியைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான்.

"வெளிச்சம் தாக்குதல்னா, நேத்து நான்தான அண்ணி உங்களத் தாக்கினது?"

நேற்றிலிருந்து அவன் அதை உள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அண்ணிக்குப் புரிந்தது. கையை நீட்டித் துழாவினாள். முதலில் மாத்திரைக் குப்பி அகப்பட்டது, அப்புறம் அவன் மணிக்கட்டு. அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"மூடிக்கோங்கன்னு எத்தன தடவ சொன்ன?"

"மூணு."

"முகமூடி குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

"முகமூடியும் குடுத்து, மூணு தடவ சொல்லிட்டு அடிக்கறவன எந்தக் கதையிலயாவது வில்லன்னு பாத்திருக்கியா? அது விபத்து. எனக்குப் பட்டதும் உண்மை, நீ அடிக்கலைங்கறதும் உண்மை. ரெண்டையும் ஒரே தட்டுல போடாத."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அடுத்து அவள் கைபேசியை எடுக்கச் சொன்னாள். இந்த முறை அவளுடையதை. புதுத் தீர்ப்புச் சொல்லப் போவதாகவும் அவன்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அண்ணி சொல்லச் சொல்ல அவன் எழுதினான், எழுதிக்கொண்டே மறுத்தான், மறுத்ததற்கு அவள் விளக்கம் சொன்னாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் அவளிடம் நேருக்கு நேர், குரல் எழுப்பிச் சண்டை போட்டான். குரல் எழும்பியதை அவனே கவனிக்கவில்லை. வெளிச்சம் தாக்குதல்தான் என்று தராசு ஒப்புக்கொண்டது. தன் முந்தைய தீர்ப்பு பிழை என்றும், அது கண்ணில் பட்டுத் தெரிந்ததென்றும் எழுதச் சொன்னாள். ஆனால் அது தாக்குவது கண்ணை. மலையைப் பிளக்கிற பலத்தோடு அதை ஒரே கோலால் அளக்கக் கூடாது. மலையனின் மார்பு பாறைதான், விழி எல்லோருக்கும் விழிதான். ஆகவே வெண்சுடர் இருந்த மட்டத்திலேயே இருப்பாள், அவள் பெயருக்கு எதிரே 'கண்ணைத் தாக்குவாள்' என்ற குறிப்பு மட்டும் சேரும்.

மலையன் வெளிச்சம் வருவதற்குள் முகத்தைப் பொத்தினான், ஆகவே அவன் ஒளியைவிட வேகமானவன் என்று ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் அண்ணி விடவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இமையை மூடினால் மூடியதில் பயனில்லை, அதை இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. மலையன் பொத்திக்கொண்டது அவள் கை விரிந்ததைப் பார்த்து. கையைவிட வேகமானவன், அவ்வளவுதான். அந்த நான்காம் பத்தியை எழுத மாட்டேன் என்று கொழுந்தன் ஒற்றைக்காலில் நின்றான். அந்தக் கோஷ்டிக்குத் தலைவனே அவன்தான் என்பது அப்போது வெளிவந்தது. நீ எழுதாவிட்டால் கட்டை அவிழ்த்துக்கொண்டு நானே எழுதுவேன் என்று அண்ணி மிரட்டிய பிறகு எழுதினான், எழுத்துப் பிழையோடு.

கணவர் மதியம் வந்தபோது இரண்டு பேரும் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சண்டையோ என்று பதறி உள்ளே வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேக்கரிக்காரர் எந்த மட்டத்தில் முடிந்தார் என்று விசாரித்தார். கதவு மட்டம் என்றார்கள். ஒரு வாரமாவது மலையாக இருந்தேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அடுத்த நாள் காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். பார்வை முன்போலவே இருந்தது. ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். கடையில் பல வருடமாக விற்காமல் கிடந்த, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி ஒன்றை முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அண்ணியைக் கொழுந்தனுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

புதுத் தீர்ப்பை மூவாயிரம் பேர் வாசித்தார்கள். தராசு பிழையை ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை என்று பலர் நெகிழ்ந்து எழுதினார்கள். வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். அண்ணி கொழுந்தனைப் பக்கத்துக்கு இரண்டாவது அட்மினாகச் சேர்ந்துகொள்ளச் சொன்னாள். உறவுக்காரனை எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, இந்தப் பக்கம் வந்துவிடு என்றாள். அவன் அதைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தான். யோசித்துவிட்டு முடியாது என்றான்.

"நானும் அங்க உக்காந்துட்டா உங்கள எதிர்க்க யார் இருக்கா? மத்தவங்களுக்கெல்லாம் சரக்கு பத்தாது அண்ணி."

அவள் வற்புறுத்தவில்லை. அந்த வாரம் ஒரு மாலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் கைபேசி அதிர்ந்தது. 'மதிப்பிற்குரிய தராசு அவர்களுக்கு, தங்கள் தீர்ப்பின் நான்காம் பத்தி முழுப் பிதற்றல் என்பதைப் பணிவன்போடு தெரிவித்துக்கொள்கிறேன்' என்று தொடங்கியிருந்தது. அண்ணி கறுப்புக் கண்ணாடிக்கு மேலே எட்டி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். கொழுந்தன் குனிந்த தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அவள் இடது கையால் பதில் எழுதத் தொடங்கினாள்.